படம்: பல்லி

பல் டாக்டரின் கொழுந்தனை வீட்டில் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஆறடியைத் தாண்டிவிட்டான் என்று அண்ணன் வைத்த பெயர். பிற்பாடு அவன் துறைமுகத்துச் சரக்கு யார்டில், உயரமான விளக்குக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, "பேருக்கேத்த வேலை கெடச்சிருக்குடா" என்று அண்ணனே சொல்லிச் சிரித்தார். அண்ணன் கணக்கு வாத்தியார். அவர் மனைவிதான் பல் டாக்டர். அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது ஏணிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனுக்குச் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் வாதாடியவள் அவள்தான். அவனும் எதுவென்றாலும் அண்ணனிடம் சொல்வதற்கு முன் அண்ணியிடம் சொல்லுவான்.

பல் டாக்டருக்குப் பறவைப் பித்து பிடித்தது நாற்பது வயதுக்கு மேல். அதிலும் சின்னப் பறவைகளில் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. பருந்து, வல்லூறு, கழுகு என்று வேட்டையாடுகிறவைதான் வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் ஒரு சாண் தூரத்தில் குனிந்து கிடப்பவளுக்கு, எட்டாத தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதில் ஒரு விடுதலை இருந்தது. பெரிய கேமராவைத் தூக்கிச் சுமக்கத் தெம்பில்லை என்று ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கினாள். ஒற்றைக் குழல் தொலைநோக்கி. முக்காலியில் நிறுத்தி, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு கிளாம்ப் போட்டுச் செல்போனை மாட்டிவிட்டால், தூரத்துப் பறவை போன் திரையில் வந்து உட்காரும்.

சொல்வதற்குத்தான் சுலபம். போனை மயிரிழை தள்ளி மாட்டினாலும் படத்தில் பாதி கறுத்துப்போகும். விரலால் தொட்டால் ஆடும். இயர்போன் வயரில் இருக்கும் பட்டனை அழுத்தித்தான் எடுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சூடான காற்று அலையடித்து, பறவை தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் நெளியும். நூறு எடுத்தால் ஒன்று தேறும். அந்த ஒன்றுக்காக விடுமுறை நாள்களில் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரிக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, நோயாளிகள் வருவதற்கு முன்பே ஏணி கிளினிக்குக்கு வந்து நின்றான். நெற்றியில் நீளமாக ஒரு கீறல்.

"என்னடா தம்பி இது, வீட்ல சண்டையா?"

"வீட்லதான் அண்ணி. ஆனா என் வீட்ல இல்ல. பறவை வீட்ல."

யார்டின் கடைசிக் கோபுரத்து உச்சி மேடையில் மீன்பருந்து ஒன்று கூடு கட்டியிருக்கிறதாம். விறகுக் கட்டு ஒன்றை அப்படியே தூக்கி வைத்ததுபோல் அவ்வளவு பெரிய கூடு. குச்சி சரிந்து வயரில் விழுந்தால் தீப்பிடிக்கும் என்று இன்ஜினியர் அதைப் பிரித்துப் போடச் சொல்லி இவனை ஏற்றிவிட்டிருக்கிறார். மேலே போய்த் தலையை நீட்டியதும் பெண் பறவை பாய்ந்து வந்து ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு அறை விட்டிருக்கிறது.

"பயந்துட்டியா?"

"பயமாவா. கை காலெல்லாம் உதறிடுச்சு. ஒரு கையுறைய அங்கேயே விட்டுட்டு இறங்கிட்டேன். ஆனா அதுக்குள்ள பாத்துட்டேன் அண்ணி. மூணு முட்டை. பழுப்புப் பழுப்பா புள்ளி போட்டு. மறுபடி ஏறிப் பிரிச்சிருக்கலாம். மனசு வரல."

"இன்ஜினியர்கிட்ட என்ன சொன்ன?"

ஏணி கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "பிரிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். படம் எடுத்து அனுப்புன்னார். பக்கத்துக் கோபுரத்துல ஏறி, காலி மேடையப் படம் புடிச்சு அனுப்பிட்டேன். எல்லா மேடையும் ஒரே அச்சுதானே. கூடு ஆத்துப் பக்கமா இருக்கு, யார்டுக்குள்ளேர்ந்து பாத்தா தெரியாது. ஆனா உங்க மொட்டை மாடியிலேர்ந்து தெரியும். அதச் சொல்லத்தான் வந்தேன். ஏரிக்கெல்லாம் எதுக்கு அலையறீங்க?"

கிளினிக் முதல் மாடியில். அதற்கு மேலே ஒரு தையல்காரரின் கடை. அதற்கும் மேலே மொட்டை மாடி. ஏணி முன்னால் ஏற, அவள் ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அவன் காட்டிய பக்கம் திருப்பி, வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தெளிவுக்குக் கொண்டுவந்தாள். வெள்ளைத் தலை. கண் வழியாகப் பின்னுக்கு ஓடும் கறுப்புப் பட்டை. பறவைப் புத்தகங்களில் விரால் அடிப்பான் என்று போட்டிருக்கும் அதே பறவை, குச்சிகளுக்கு நடுவே அடைகாத்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு," என்றான் ஏணி. "பாருங்க, எடுங்க, என்ன வேணா பண்ணுங்க. படம் மட்டும் வெளிய போகக் கூடாது. போச்சுன்னா என் வேலைக்கு உலை வெச்சிடும்."

"நான் யார்கிட்டடா காட்டப் போறேன்," என்றாள் அவள். அப்போது அதை மனதாரத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கிளினிக் திறப்பதற்கு முன் மொட்டை மாடியில் இருந்தாள். முட்டைகள் பொரிந்து, சாம்பல் நிறப் பஞ்சுருண்டைபோல் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. ஏணி விட்டுவிட்டு வந்த ஆரஞ்சுக் கையுறையை அந்தப் பறவைகள் வீணாக்கவில்லை. குச்சிகளுக்கு இடையே செருகிக் கூட்டோடு கூடாக்கிவிட்டிருந்தன. ஐந்து விரலும் வெளியே விரிந்து தெரிந்தன.

தையல்காரர் துவைத்த துணிகளைக் காயப்போட மேலே வருவார். "டாக்டரம்மா, இன்னைக்கு அங்க என்ன சாப்பாடு?" என்பார்.

"மீன்தான்."

"நேத்தும் மீனா இருந்துச்சே. பாவம், வேற எதுவும் செய்யத் தெரியாதுபோல."

போன் வழியே இயங்கும் பறவை ஆர்வலர் குழு ஒன்றில் அவள் இருந்தாள். அங்கே யாரும் சொந்தப் பெயர் வைத்துக்கொள்வதில்லை. பல் டாக்டர் என்பதால் அவள் பல்லி என்று வைத்துக்கொண்டாள். அதில் பெரிய லென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் எல்லோருக்கும் நீதிபதி. ஏரியில் எடுத்த வல்லூறு ஒன்றை அவள் முன்பு போட்டபோது அவர் எழுதினார்: "சாவித் துவாரத்துல எட்டிப் பாத்த மாதிரி இருக்கு. இதைப் படம்னு சொல்லாதீங்க, சாட்சின்னு வேணா சொல்லிக்கலாம்." நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவளும் ஒன்று போட்டாள். ஆனால் அது உள்ளே முள்ளாக நின்றுவிட்டது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் படம் கிடைத்தது. காற்று கழுவிவிட்டதுபோல் இருந்தது. துளி அலை இல்லை. தாய்ப்பறவை மீனோடு வந்து இறங்கிய நொடி. சிறகுகள் இன்னும் மடங்கவில்லை. வெயில் பின்னாலிருந்து ஒவ்வோர் இறகையும் ஊடுருவி வந்தது. மூன்று குஞ்சுகளும் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்திருந்தன. மீனின் கண்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. கீழே ஓர் ஓரத்தில் அந்த ஆரஞ்சுக் கை, தானும் கேட்பதுபோல விரிந்திருந்தது. பட்டனை அழுத்தும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, வாழ்நாளில் இன்னொரு முறை இப்படி அமையாது.

குழு அந்த மாதம் ஒரு கண்காட்சிக்குப் போட்டி வைத்திருந்தது. அனுப்ப மாட்டேன் என்று இரண்டு நாள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள், வெறுமனே பார்க்கலாமே என்று படத்தைத் திறந்து, கோபுரத்து எண் பலகை இருந்த பக்கத்தை வெட்டினாள். இனி இது எந்த ஊர்க் கோபுரமாகவும் இருக்கலாம். கையுறையின் மணிக்கட்டில் கம்பெனி முத்திரை மங்கலாகத் தெரிந்தது. அதையும் வெட்டிப் பார்த்தாள். அதை எடுத்தால் படமே செத்துவிட்டது. இதை எவன் உற்றுப் பார்க்கப் போகிறான் என்று திரும்ப வைத்துவிட்டு அனுப்பினாள்.

படத்துக்கு முதல் பரிசு. பெரிய லென்ஸ்காரர், "வாயடைச்சுப் போச்சு" என்று எழுதினார். அந்த வார இறுதிப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. கீழே "படம்: பல்லி" என்று இருந்தது. வாத்தியார் காலைச் சாப்பாட்டின்போது அதைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே. உன் பருந்து மாதிரியே இருக்கு," என்றார்.

"எல்லாப் பருந்தும் அப்படித்தாங்க இருக்கும்."

அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஆசையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரே மனிதரிடம் சொல்ல முடியாமல் அவள் தட்டைக் கழுவ எழுந்தாள். அப்போது வந்ததுதான் முதல் உறுத்தல். கையைத் துடைப்பதற்குள் அதை அமுக்கிவிட்டாள்.

ஏணி வீட்டுக்கு வந்தது நாலு நாள் கழித்து, ஒரு மாலையில். எப்போதும் வாசலிலேயே குரல் கொடுப்பவன், பேசாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கையில் அந்தப் பத்திரிகைப் பக்கம் நாலாக மடிந்திருந்தது.

"எவனோ எடுத்துப் போட்டுட்டான் அண்ணி. கையுறையில நம்ம கம்பெனி முத்திரை இருக்கு. இன்ஜினியர் அதப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டார். நான் அனுப்பின காலி மேடைப் படத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுட்டு, 'இதுல எது நம்ம கோபுரம், நீயே சொல்லு'ன்னார்."

வாத்தியார், "இப்ப என்னடா செய்வாங்க?" என்றார்.

"கோபுரத்துல ஏற வேண்டாம்னுட்டாங்க. விசாரிக்கிறாங்களாம். அது போகட்டும். அடுத்த வாரம் வேற ஆளுங்கள ஏத்தி கூட்டப் பிரிக்கப் போறாங்க. குஞ்சுங்க இன்னும் பறக்கல." அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். கீறல் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மிச்சமிருந்தது. "ஒரு விஷயம் கேக்கணும் அண்ணி. இந்தக் கோணத்துல கூடு தெரியற இடம் உங்க கட்டடம்தான். நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். உங்க மாடிக்கு வேற யாராவது ஏறறாங்களா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கொதிக்கட்டும், சொல்லலாம். வடிகட்டட்டும், சொல்லலாம். கோப்பையை அவன் கையில் கொடுத்தபோது அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"மேல் கடை தையல்காரர் துணி காயப்போட ஏறுவார். மத்தபடி யாரும் இல்ல."

"அவர்கிட்டப் போன் இருக்கா?"

"எல்லார்கிட்டயும்தான் இருக்கு."

ஏணி தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தான். போகும்போது, "நீங்க கவலப்படாதீங்க அண்ணி, உங்க பேர் எங்கயும் வராது," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம், நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்துத் தையல்காரர் கிளினிக்குள் வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"உங்க கொழுந்தனார் காலையில வந்திருந்தார். வாடிக்கைக்காரங்க ரெண்டு பேர் நிக்கறப்ப, படம் எடுத்து வித்தீங்களான்னு கேட்டார். எனக்கு எதுக்க வர்ற பஸ் நம்பரே கண்ணுக்குத் தெரியாது, பறவையப் போய் எங்க புடிக்கிறதுன்னேன். அவர் நம்பல. அண்ணிதான் சொன்னாங்க, நீங்க மாடிக்குப் போறீங்கன்னார்."

அவள் கருவிகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். "தெரியாம சொல்லிட்டேன்."

"பரவாயில்ல. நானும் ஒண்ணும் சொல்லல. தெனம் காலையில அந்தக் குழாய வெச்சுக்கிட்டு நிக்கறது யாருன்னு சொல்லியிருக்கலாம். வீட்டு மனுஷங்க, நீங்களே சொல்லிக்குவீங்கன்னு விட்டுட்டேன்." அவர் டேப்பைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஆனா சீக்கிரம் சொல்லிடுங்க டாக்டரம்மா. அந்தப் புள்ள அடுத்து யார்கிட்டப் போய் நிக்கப்போகுதோ."

அன்று மாலை வந்த நோயாளிக்கு, வலிக்கிற பல்லை விட்டுவிட்டு மறுபக்கத்தில் ஊசி போடப் போனாள். இப்படி ஒரு தவறு அவளுக்கு நேர்ந்ததே கிடையாது. அந்த மனிதர், "டாக்டர், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவரை வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டு, கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு நேராகத் துறைமுகத்துக்குப் போனாள்.

இன்ஜினியரின் அறையில் மின்விசிறிக்கு அடியில் காகிதங்கள் படபடத்தன. அவர் பெரிய இரும்பு நட்டுகளைப் பாரமாக அவற்றின்மேல் வைத்திருந்தார். பத்திரிகைப் பக்கமும் அங்கே இருந்தது.

"இந்தப் படம் நான் எடுத்தது," என்றாள்.

அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா எடுத்திருக்கீங்க. உட்காருங்க. எதுல எடுத்தீங்க?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஸ்கோப்பைப் பற்றிச் சொன்னாள். பிறகு போனைத் திறந்து, அடைகாத்த நாளிலிருந்து நேற்றுவரை எடுத்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். பஞ்சுருண்டைகள் இறகு முளைத்து, சிறகை விரித்துப் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தன.

"இன்னும் சில வாரத்துல பறந்துடும் சார். அதுவரைக்கும் கைவெக்காதீங்க. இப்பப் பிரிச்சா மூணும் செத்துடும்."

"தீப்பிடிச்சா நான் பதில் சொல்லணுமே." யார்டு வரைபடத்தை இழுத்து வைத்துப் பார்த்தார். "அந்தக் கோபுரத்துல ஆத்துப் பக்க விளக்கு ரெண்டையும் அணைச்சு வெக்கலாம். வயர்ல கரண்ட் இல்லன்னா பயமில்ல. ஆனா நான் ஆள விட்டுப் பாத்துட்டு இருக்க முடியாது. வாராவாரம் நீங்க படம் அனுப்புங்க. கூடு சரியுதா, குச்சி எதுவும் தொங்குதான்னு எனக்குத் தெரியணும். பறந்த அன்னைக்கே சொல்லணும்."

"அனுப்பறேன். இன்னொண்ணு. அந்தக் கோபுரத்துல ஏறினவர் என் கொழுந்தன். கூட்டப் பிரிக்க மனசு வராமத்தான் அப்படிச் செஞ்சுட்டார்."

"அம்மா, மனசு வரலன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? இப்ப உங்களுக்குச் செஞ்சத அவருக்கும் செஞ்சிருப்பேன். வேற கோபுரத்தப் படம் புடிச்சு அனுப்பினாரே, அதுதான் பிரச்சினை. நாளைக்கு ஒரு போல்ட்ட முடுக்காமலே முடுக்கிட்டேன்னு அனுப்பினா? கீழ ஆளுங்க வேல செய்யறாங்க. மேல ஏற அவர இனி நான் நம்ப முடியாது."

அவர் சொன்னது நியாயம் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அங்கிருந்து ஏணியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அவன் மனைவி, "வாங்கக்கா, இந்நேரத்துல," என்று சிரித்தாள். ஏணி தரையில் உட்கார்ந்து ஒரு மேசை விளக்கைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தான். அவள் நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

"பல்லி நான்தான் தம்பி. படம் நான்தான் அனுப்பினேன். தையல்காரருக்கு ஒண்ணும் தெரியாது."

ஏணி நிமிர்ந்து பார்க்கவில்லை. திருப்புளியால் ஒரு திருகைக் கடைசிவரை முடுக்கினான். பிறகு, "சரி அண்ணி," என்றான். விளக்கை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனான். அவன் மனைவி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன நடந்ததென்று புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அன்றே கணவரிடமும் சொன்னாள். வாத்தியார், "என்கிட்டயே எல்லாப் பருந்தும் ஒண்ணுதான்னியே," என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு படம் எடுப்பது கடன் கழிப்பதுபோல் ஆனது. வாரா வாரம் கூட்டின் அடிப்பகுதியை, குச்சிகளை, வயர் போகும் குழாயை எடுத்து அனுப்பினாள். பறவை முகம் திருப்பி நின்றாலும், வெயில் அழகாக விழுந்தாலும், இன்ஜினியருக்கு வேண்டியது அதுவல்ல. குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகின. ஒன்று முதலில் போனது. காற்றில் தடுமாறி, பக்கத்துக் கோபுரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு மற்ற இரண்டும். அவள் இன்ஜினியருக்குச் செய்தி அனுப்பினாள். ஏணிக்கும் அனுப்பினாள். இன்ஜினியர் நன்றி என்று எழுதினார். ஏணி பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது, பதில் வரவில்லை.

கூட்டைப் பிரிக்க ஆள்கள் ஏறிய நாளில் ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அள்ள அள்ளக் குச்சிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் சாக்குகளில் போட்டுக் கயிற்றில் இறக்கினார்கள்.

விசாரணை முடிந்து ஏணியை ஸ்டோர் ரூமில் போட்டார்கள். கூரை தாழ்ந்த, ஜன்னல் இல்லாத அறை. பல்புகளையும் திருகுகளையும் எண்ணிக் கொடுக்கிற வேலை. உள்ளே அவன் குனிந்துதான் நடக்க வேண்டியிருந்தது என்று வாத்தியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "முதுகு வலிக்குதுங்கறான். உயரத்துல வேல செஞ்சப்ப ஒரு நாள்கூட வலிச்சதில்லயாம்."

குடும்பத்தில் பேச்சு நின்றுவிடவில்லை. அப்படி நின்றிருந்தால்கூட ஒரு தீர்மானம் இருந்திருக்கும். ஏணி வந்தான், சாப்பிட்டான், அண்ணனோடு பேசினான். அவளோடு பேச வேண்டியது வந்தால், "உப்பு எங்க இருக்குன்னு கேளுண்ணா," என்பான், அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. வாத்தியாரும் வேறு வழியில்லாமல் அவளிடம் திரும்பி, "உப்பு எங்க இருக்கு?" என்பார்.

மழைக்காலம் முடியும்போது ஒரு முறை ஏணி கன்னம் வீங்கி வந்தான். அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது, கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ். ஊரின் மறுகோடியில் வேறொரு டாக்டரிடம் போய்ப் பல்லை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறான். உள்ளே சரியாகச் சுத்தம் செய்யாமல் மூடிவிட்டார்கள். ஒரு பக்கமாக வைத்து மென்றான். தன் வீட்டுப் பிள்ளை பல்வலிக்கு இன்னொரு டாக்டரைத் தேடிப் போனதைவிட ஒரு பல் டாக்டருக்கு வேறு தண்டனை வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை, கிளினிக் கதவைத் திறக்கும்போது ஏணி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கன்னம் இன்னும் பெரிதாகியிருந்தது.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல," என்றான், பாதி வாயைத் திறக்காமலே. "வலி உயிர் போகுது. அதான்."

"தெரியும். வா, உட்காரு."

நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தாள். அவன் கால்கள் நுனியைத் தாண்டி வெளியே நீண்டிருந்தன. மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சை வைத்து, பழைய அடைப்பை எடுத்துச் சீழை வெளியேற்றினாள். வேலை பாதியில் இருக்கும்போது அவளையறியாமல் பேச்சு வந்தது.

"தம்பி, அது பேராசைடா. அந்த லென்ஸ்காரன் சிரிச்சான்னு ஒரு வீம்பு. கையுறையில முத்திரை இருக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். உன் வேலைய நான்தான் கெடுத்தேன். எத்தன தடவ வேணா மன்னிப்புக் கேக்கறேன்."

ஏணியின் கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. பிறகு கையைத் தூக்கி, பஞ்சை எடுக்கும்படி சைகை காட்டினான். எடுத்தாள்.

"வாயில பஞ்ச அடைச்சுட்டு மன்னிப்புக் கேக்கறீங்களே அண்ணி," என்றான். உதடு மரத்துப்போயிருந்ததால் வார்த்தைகள் குழறின. "இது நியாயமா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "நியாயமில்ல. இப்பச் சொல்லு," என்றாள்.

அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசினான். "படத்துக்காக எனக்குக் கோவம் இல்ல. நானும்தான் பொய்ப் படம் அனுப்பினேன். மாட்டிக்கிட்டேன், முடிஞ்சுது. அன்னைக்கு உங்க வீட்ல வந்து உக்காந்தேன் பாருங்க. நீங்க இல்லன்னு தெரியும்னு சொன்னேன். நீங்க டீ போட்டுக் குடுத்தீங்க. நான் குடிச்சேன். குடிச்சுட்டு உங்களுக்கே ஆறுதலும் சொல்லிட்டுப் போனேன். அத நெனச்சா இன்னும் ஒரு மாதிரி இருக்கு."

சொல்லக்கூடியது எதுவும் அதற்கு ஈடாகாது. புதுப் பஞ்சை எடுத்து வைத்து, வேலையை மெதுவாக, ஒழுங்காக முடித்தாள்.

"இன்னும் ரெண்டு தடவ வரணும்," என்றாள். "வேற டாக்டர்கிட்டப் போறதுன்னாலும் போ. ஆனா பாதியில விடாத."

"எப்ப வரணும்?"

"வியாழக்கிழமை."

வியாழக்கிழமை வந்தான். அதற்கடுத்த முறையும் வந்தான். பேச்சு பழையபடி ஆகவில்லை. வலி இருக்கா, இல்லை, வாயைத் திற, துப்பு, அவ்வளவுதான். ஆனால் அண்ணனை இடையில் வைத்துக் கேட்பது நின்றுபோயிருந்தது.

கடைசி முறை அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் தையல்காரர் வந்து கதவில் எட்டிப் பார்த்தார்.

"உங்க கொழுந்தனார் இப்பதான் மேல வந்துட்டுப் போறார். அன்னைக்குக் கத்தினதுக்கு வருத்தம் சொன்னார். கன்னம் மரத்துப்போய் என்னமோ மாதிரி பேசினார், எனக்கே பாவமா போச்சு. ஒரு சட்டைக்கு அளவும் குடுத்துட்டுப் போயிருக்கார்."

"நல்லது," என்றாள் அவள்.

தையல்காரர் போகாமல் நின்றார். "நீங்களும் ஒரு தடவ மேல வந்துட்டுப் போகலாம் டாக்டரம்மா," என்றார். குரலில் குத்தல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல்தான் கூப்பிட்டார்.

அவரிடம் அவள் அன்று சொன்னது, தெரியாம சொல்லிட்டேன் என்ற ஒரு வரிதான். அதுவும் பொய். இத்தனை மாதமாக மாடிக்குப் போகும்போதெல்லாம் அவர் கடை வாசலைத் தலையைத் திருப்பாமல் கடந்துகொண்டிருந்தாள்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, உதவியாளரிடம் அடுத்த நோயாளியைச் சற்று உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, அவர் பின்னால் படி ஏறினாள்.